கமெண்ட்ஸ் வந்த ஆல்பம்

நாங்கள் ஒரு ஆல்பம் போட்டோம். திருப்பூரில் கம்பெனி போடுவார்கள், கையில் மிச்சம் இருந்தால் காலியிடம் பார்த்து ஷெட் போடுவார்கள், ஆல்பம் எல்லாமா போடுவார்கள் என்று சொந்தத்தில் ஒருவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். போட்டோமே, என்ன இப்போது?

மொத்தம் எட்டுப் பாட்டு. பாப்-பங்க் என்று அந்த வகைக்குப் பெயர். தெரியாதவர்களுக்கு ஒரே வரியில் சொல்கிறேன்: டிரம்ஸ் ஓட்டமாக ஓடும், கிட்டாரில் திரும்பத் திரும்ப அதே மூன்று நான்கு கார்ட்ஸ்தான், வயிற்றெரிச்சலைக்கூடக் குதித்துக்கொண்டே பாடுவது. கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கும்போது ஹாஸ்டலில் பிடித்த பைத்தியம் அது. கல்யாணம் ஆனால் போய்விடும் என்றார்கள். எனக்கு வாய்த்த புருஷன் அதே பைத்தியம் பிடித்தவராக இருந்தார். பெண் பார்க்க வந்த அன்று தனியாகப் பேசச் சொல்லி அனுப்பியபோது, டிரம்ஸ் வாசிப்பேன், வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்றுதான் முதலில் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே சரி என்று சொல்லிவிட்டேன்.

அவருக்கு அப்பா வழியில் வந்த நிட்டிங் யூனிட் ஒன்று உண்டு. வட்ட வட்டமாக மெஷின்கள் நின்று நூலைத் துணியாக்கித் தள்ளும். ஞாயிற்றுக்கிழமை மெஷின்களை நிறுத்தியதும் அந்த ஷெட் எங்களுடையது. துணி ரோல்களைச் சுவர் ஓரமாக ஆள் உயரத்துக்கு அடுக்கிவிட்டால் எதிரொலி சுத்தமாக அடங்கிவிடும். மெட்ராஸில் ஸ்டுடியோக்காரர்கள் எதையெதையோ ஒட்டி இதைத்தான் செய்கிறார்களாம். எங்களுக்கு இருந்த ஒரே தொல்லை பஞ்சு. டிரம்ஸில் சிம்பலைத் தட்டினால் சத்தத்தோடு பஞ்சும் பறக்கும், நடுப்பாட்டில் யாராவது தும்முவோம்.

நான் கிட்டார், அவர் டிரம்ஸ். பேஸ் கிட்டாரையும் நானே தனியாக வாசித்துச் சேர்த்துக்கொண்டேன். பாடத்தான் ஆள் இல்லை. என் குரலை என் புருஷனே அதிக நேரம் தாங்கமாட்டார்.

நான் வேலை பார்ப்பது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், மெர்ச்சண்டைசராக. துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் நம் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. அங்கே சாம்பிள் தைக்கிறவர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள், என்னைவிடச் சின்னவர். எல்லோரும் டெய்லர் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் அவசர சாம்பிளுக்காக அவர் மெஷின் பக்கத்தில் நின்று கொண்டிருந்தேன். தைத்தபடியே ஏதோ பாடினார். மேலே ஏறும்போது குரல் ஓரிடத்தில் பிசிறி உடைந்தது. உடைந்ததை ஒட்டவைக்கக்கூடப் பார்க்காமல் அப்படியே போய்க்கொண்டிருந்தார். எனக்குக் கையில் முடி நட்டுக்கொண்டது. சாம்பிளை மறந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

அவர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில் சர்ச் பாட்டுக் குழுவில் சேரப் போனபோது, இந்தக் குரல் சரிப்படாது என்று நாற்காலி போடுகிற வேலையைக் கொடுத்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு தையல் மெஷின் சத்தத்துக்குள் மட்டும்தான் பாடுவாராம். அங்கேதான் யாருக்கும் கேட்காது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு வந்தார். "பாடுதேன்க்கா. ஆனா இன்னொருவாட்டி எவனாவது எங்குரல் சரியில்லன்னு சொன்னா, சண்ட போடமாட்டேன். போயிருவேன்." யாரும் சொல்லமாட்டார்கள் என்று நான்தான் அடித்துச் சொன்னேன். பெரிய இவள் மாதிரி.

பாட்டு எல்லாம் எங்கள் ஊர் சங்கதிதான். ரயில்வே பாலத்து நெரிசல், பையர் வருகிற நாளில் மட்டும் தரை பளபளக்கிற கம்பெனி, இந்தி பேசுகிற பையன்களிடம் தமிழில் வழி கேட்டுவிட்டு முழிப்பது. கடைசிப் பாட்டை மட்டும் டெய்லர் தம்பியே எழுதினார். தெற்கிலிருந்து பஸ் ஏறி விடியற்காலையில் இங்கே வந்து இறங்கியதைப் பற்றியது. அதில் ஒரு வரி: 'வந்து சேந்துட்டேன்னு சொல்ல ஒரு ஆளு வேணும்.' அந்த 'ஆளு' என்ற இடத்தில்தான் அவர் குரல் உடையும். நாங்கள் பதிவு செய்த அன்று அது உடைந்ததும் என் புருஷன் அடிக்க வேண்டிய அடியை விட்டுவிட்டார். அதையும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

ஆல்பத்தை இணையத்தில் ஏற்றியதும் சொந்தபந்தம் எல்லாம் கட்டைவிரலைத் தூக்கிப் பாராட்டியது. கேட்டார்களா என்பது வேறு விஷயம். என் மாமியார் மட்டும் உண்மையாகவே உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்குது அம்மிணி, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றார். நான் கோபப்படவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, எங்கள் குஞ்சை நாங்களே மெச்சிக்கொண்டு என்ன செய்வது? எங்களைத் தெரியாத யாரோ ஒருவர் கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. எனக்காக என்பதைவிட, நான் வாக்குக் கொடுத்துக் கூட்டிவந்த அந்த மனுஷனுக்காக.

சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, புது இசையைப் பற்றி இணையத்தில் எழுதுகிற சென்னைக்காரர் ஒருவர் எங்கள் ஆல்பத்தைப் பற்றி எழுதியிருந்தார். கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பார்த்தேன். உற்சாகமான முயற்சி என்று ஆரம்பித்து, கீழே வரிசையாகச் சொல்லியிருந்தார். டிரம்ஸ் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கிறது. மூன்றாவது பாட்டு முடியவேண்டிய இடத்தில் முடியாமல் இழுக்கிறது. இரண்டு பாட்டுக்கு ஆரம்பம் ஒரே மாதிரி இருக்கிறது. கடைசிப் பாட்டில் பாடகரின் குரல் சுருதி விலகி உடைகிறது.

வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் இதைப் படித்துவிட்டுச் சுணங்கியிருப்பார்கள், அல்லது அந்த மனுஷனை நாலு வார்த்தை திட்டியிருப்பார்கள். நாங்கள் திருப்பூர்க்காரர்கள். எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஏனென்றால் இங்கே பிழைப்பே அப்படித்தான். பையருக்கு சாம்பிள் அனுப்பினால், பிடிக்கவில்லை என்றால் பதிலே வராது. பிடித்திருந்தால்தான் கமெண்ட்ஸ் வரும். காலரை அரை இன்ச் குறை, கை வளைவை இறக்கு, தையலைத் திருத்து என்று எழுதி அனுப்புவார்கள். ஒவ்வொன்றாகத் திருத்தி மறுபடி அனுப்பினால் ஓகே ஆகும், ஆர்டர் வரும். கமெண்ட்ஸ் வந்த சாம்பிளுக்கு எங்கள் ஊரில் ஸ்வீட் வாங்கிக் கொடுத்த முதலாளிகூட உண்டு. போனை எடுத்துப் புருஷனிடம் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் மெஷின் சத்தத்தில் சரியாகக் கேட்காமல் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம், "கமெண்ட்ஸ் வந்திருச்சா கண்ணு? அப்பறம் என்ன, சரி பண்ணி அனுப்பீரலாம், ஓகே ஆயிரும்" என்றார்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று மூன்று பேரில் ஒருவருக்கும் அது விசித்திரமாகத் தோன்றவில்லை. டெய்லர் தம்பிக்கும்தான். அவர் தினமும் செய்கிற வேலையே அது. கடைசி கமெண்ட்டை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிரித்துத் தைக்க வேண்டும், அவ்வளவுதானே என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்து நின்று, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார். ஒவ்வொரு தடவையும் உடைந்தது. அடக்கி அடக்கிப் பாடி, சாயங்காலம் ஆவதற்குள் உடையாமல் ஒரு தடவை பாடிவிட்டார். அயர்ன் பண்ணின சட்டை மாதிரி இருந்தது. என் புருஷன் சூப்பர் என்றார். நானும் சூப்பர் என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அதற்கு மேல் நாங்கள் செய்ததுதான் உச்சம். திருத்திய சாம்பிள் தயாரானதும் பழையதைக் கத்திரித்துப் போட்டுவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். இரண்டும் மேஜையில் கிடந்தால் எவனாவது பழையதைப் பார்த்துத் தைத்துத் தள்ளிவிடுவான், சரக்கு மொத்தமும் திரும்பி வரும். அப்படி ஒருமுறை நஷ்டப்பட்ட குடும்பம் என் புருஷனுடையது. அதனால் பழைய ஆல்பத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினார், பழையதைக் கம்ப்யூட்டரிலிருந்தும் சுத்தமாக அழித்தார். நான் அந்தச் சென்னைக்காரருக்கு மெயில் எழுதினேன். அவருடைய கமெண்ட் ஒவ்வொன்றுக்கும் நேராக, திருத்தப்பட்டது, திருத்தப்பட்டது என்று போட்டு, தங்கள் அப்ரூவலுக்குக் காத்திருக்கிறோம் என்று முடித்திருந்தேன். சத்தியமாக அப்படித்தான் எழுதினேன்.

அவர் மரியாதைக்காரர், பதில் போட்டார். நான் கேட்டதைப் பற்றி எழுதினேன், உங்களை மாற்றச் சொல்லவில்லையே, எதற்காக மாற்றினீர்கள் என்று கேட்டிருந்தார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. புது ஆல்பத்தைப் போட்டு அந்த வரியைக் கேட்டேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்திருந்தது. பாட்டு சரியாக இருந்தது, டிரம்ஸ் அடங்கி நின்றது, ஒரு பிழை இல்லை. பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிய அந்த ஆளைத்தான் காணோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெய்லர் தம்பி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கம்பெனியில் வழக்கம்போல வணக்கம் சொன்னார், சாம்பிள் தைத்தார். என்னிடம் முகத்தைத் திருப்பவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. தைக்கும்போது பாடுவதையும் நிறுத்தியிருந்தார். பொறுக்கமுடியாமல் ஒருநாள் பக்கத்தில் போய் நின்று, கோபமா தம்பி என்று கேட்டேன். மெஷினை நிறுத்திவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார். "கோவம்லாம் இல்லக்கா. சரியில்லன்னு சொன்னாவ, சரி பண்ணியாச்சு. இப்ப பாட்டு நல்லாத்தான் இருக்கு. அதுல நான்தான் இல்ல. பெறவு நான் எதுக்கு?"

வீட்டுக்கு வந்து புருஷனோடு சண்டை போட்டேன். பழையதை எதற்கு அழித்தீர்கள் என்று நான் கத்த, நீதானே மெயில் அனுப்பினாய் என்று அவர் கத்த, மாமியார் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார். அழித்ததை மீட்டுத் தருகிறேன் என்ற கடைக்காரரிடம் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் எங்கள் கல்யாண போட்டோக்களை மீட்டுக் கொடுத்தார். பாட்டு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இணையத்தில் எங்கள் ஆல்பத்தின் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் யாரென்றே தெரியாது. அக்காவா அண்ணாவா என்று தெரியவில்லை, மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தது. அவள் திருப்பூருக்குத் தெற்கே கணியூர்ப் பக்கத்துப் பெண், வேறொரு கம்பெனியில் டெய்லர். தினமும் காலையில் கம்பெனி வேனில் திருப்பூருக்கு வந்து சாயங்காலம் அதே வேனில் திரும்புகிறவள். எங்கள் ஆல்பம் வெளிவந்த புதிதிலேயே தற்செயலாக அவள் போனில் வந்ததாம். பிடித்துப்போய் அதை டவுன்லோடு செய்து வேன் டிரைவரின் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தாளாம். இப்போது வேனில் தினமும் அதுதான் ஓடுகிறதாம். ஆனால் வீட்டில் போனில் நெட்டில் போட்டுக் கேட்டால் கடைசிப் பாட்டு வேறு மாதிரி இருக்கிறது. வேனில் இருக்கிறதுதான் நல்லா இருக்குங்க, அதையே திரும்பப் போடுங்க என்று முடித்திருந்தாள்.

நான் அதைப் படித்துவிட்டு ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதேன். வெட்கம் என்ன இதில்? எங்களைத் தெரியாத ஒருத்தி. நான் கேட்டது ஒரு ஆளை, கிடைத்தது ஒரு வேன். அதோடு எங்களிடமே இல்லாத அந்தப் பாட்டு அந்த வேனில் பத்திரமாக இருந்தது.

அவளிடம் நம்பர் வாங்கி டிரைவரிடம் போனில் பேசினேன். பென்டிரைவைத் தருவதில் அவருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கணியூரில் கடைசி ஆள் இறங்கும்வரை அதைப் பிடுங்க முடியாது, இவர்கள் என்னை உண்டில்லை என்று பண்ணிவிடுவார்கள், வேண்டுமானால் வேனிலேயே கூட வாருங்கள் என்றார். டெய்லர் தம்பியிடம் போய்ச் சொன்னேன். நம்பவில்லை. செய்தியைக் காட்டினேன். நிறுத்தி நிறுத்திப் படித்தார். வருகிறேன், ஆனால் நான் யாரென்று ஒருவரிடமும் சொல்லக்கூடாது என்றார். சரி என்றேன்.

ஒரு சாயங்காலம் அந்தக் கம்பெனி வாசலில் வேன் ஏறினோம். திரும்பி வரவேண்டுமே என்று என் புருஷன் பின்னாலேயே காரில் வந்தார். வேன் நிறையப் பெண்கள். வேலை முடிந்த அலுப்பில் பாதிப் பேர் கண்ணை மூடியிருந்தார்கள். நானும் தம்பியும் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். பல்லடம் தாண்டியதும் டிரைவர் எங்கள் ஆல்பத்தைப் போட்டார். என் வாழ்நாளில் அவ்வளவு கூச்சப்பட்டதில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக வேன் விழித்துக்கொண்டது. ரயில்வே பாலத்துப் பாட்டுக்கு முன்சீட்டில் கை தட்டினார்கள். பையர் வருகிற பாட்டில் ஒரு பெண் எழுந்து அவர்கள் சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்ட, சிரிப்பு அடங்க நேரமானது. செய்தி அனுப்பிய பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அந்தண்ணன் இப்போது பாடுவதில்லையா என்று கேட்டாள். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேட்டுச் சொல்கிறேன் கண்ணு என்றேன், வேறு என்ன சொல்ல?

கடைசிப் பாட்டு வந்தது. இதில் எல்லோருமே பாடினார்கள். தூங்குகிறார் என்று நான் நினைத்த, எங்களுக்கு நேர் பின்சீட்டு அம்மாவும் கண்ணைத் திறக்காமலே முணுமுணுத்தார். தம்பி எப்போது பாட ஆரம்பித்தார் என்று நான் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் உதடு அசைந்தது, மெல்லிசாகக் குரலும் வந்தது. அந்த வரி நெருங்கியதும் வேனில் அத்தனை பேரும் பாடுவதை நிறுத்தினார்கள். அது அந்த வேனின் வழக்கம் போலிருக்கிறது, அந்த ஒரு வரியை மட்டும் கேட்பார்கள். தம்பிக்கு அது தெரியாது. தனியாகப் பாடிக்கொண்டிருந்தார்.

பின்சீட்டு அம்மா கண்ணைத் திறந்து அவர் தோளைத் தட்டினார். "தம்பி, சித்தெ சும்மா இருங்க. அந்தப் பையன் பாடறதக் கேக்கோணும்."

தம்பி சட்டென்று வாயை மூடிக்கொண்டார். ஸ்பீக்கரில் குரல் மேலே ஏறி, 'ஆளு' என்ற இடத்தில் உடைந்தது. யாரோ உச்சுக்கொட்டினார்கள். யாரோ பெருமூச்சு விட்டார்கள். பிறகு டிரம்ஸ் வந்தது, எல்லோரும் மறுபடி பாட ஆரம்பித்தார்கள். இவர்தான் அவர் என்று எழுந்து நின்று கத்த வேண்டும்போல எனக்கு இருந்தது. தம்பி என் பக்கம் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

பாட்டு முடிந்ததும் அந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. முன்னால் சாய்ந்து சமாதானம் சொன்னார். "கோவிச்சுக்காதீங்க தம்பி. உங்களுக்கும் குரல் நல்லாத்தான் இருக்குது. ஆனா அந்தப் பையனுக்கு வர்றாப்பல வராது."

"ஆமாம்மா," என்றார் தம்பி. கண் நிறைந்திருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தார். "எனக்கு அப்படி வராதுதான்."

கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் குனிந்து, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆல்பம் முதல் பாட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. பின்சீட்டு அம்மா எங்கள் இருவரையும் சேர்த்துத் தட்டி, பேசாமல் வரச் சொன்னார்.